குழந்தையின் டேக்கில் கோடு இல்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இதில் நான் ஒரு வரிகூடக் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டுவதாக இருந்தால் நடுராத்திரி, மழை, கரண்ட் போன வராந்தா எல்லாவற்றையும் சேர்த்திருப்பேன். இது நடந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நல்ல வெயில். நடந்தது என் அக்காவுக்கு. நடுவில் கொஞ்ச நேரம் நானும் போனில் இருந்தேன், என் காதால் கேட்டேன்.

அக்காவுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் நான் உடைத்த ஒவ்வொரு பொருளுக்கும் வீட்டில் என்னைப் போட்டுக்கொடுத்த புண்ணியவதி அவள்தான். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவாள். அப்படிப்பட்டவள் அன்றைக்குச் சாயந்திரம் வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து, நிமிஷக் கணக்கோடு இதைச் சொன்னாள். நான் அப்போதே ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

அவள் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது விளங்கும். பெரிய நிறுவனங்களில் பில், லேபிள், சான்றிதழ் என்று எல்லாவற்றையும் அச்சடித்துத் தள்ள ஒரு ரிப்போர்ட் மென்பொருள் இருக்கும். அதைச் சரிசெய்து கொடுப்பது அவள் வேலை. எட்டு வருஷம் வீட்டோடு இருந்துவிட்டு மறுபடி வேலைக்குப் போய் மூன்று மாதம் ஆகியிருந்தது. 'இனிமே உனக்கு இதெல்லாம் ஒத்து வருமா?' என்று வீட்டில் எல்லோரும் கேட்டோம். அதிகமாகக் கேட்டவன் நான்தான். அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஒரு ஆஸ்பத்திரியில் பிரசவ வார்டுக்கு டேக் அச்சடிக்க வேண்டும். அம்மா கையில் ஒன்று, குழந்தை கையில் சின்னதாக ஒன்று. இரண்டிலும் ஒரே எண், பார்கோடாக. நர்ஸ் கட்டில் கம்பியில் ஒட்டியிருக்கும் கோட்டை ஸ்கேன் செய்வார், அப்புறம் அம்மாவை, அப்புறம் குழந்தையை. மூன்றும் பொருந்தினால் ஸ்கேனர் 'பீ...ப்' என்று ஒரே நீளமாக ஒலிக்கும். பொருந்தாவிட்டால் 'பிப்-பிப்-பிப்'. பொருந்தாமல் குழந்தையைக் கொடுக்கவே கூடாது.

அவளுக்கு முன்னால் இரண்டு பேர் முயற்சி செய்து கையை விரித்துவிட்டார்கள். மேலதிகாரி வெள்ளிக்கிழமை அக்காவிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

"திங்கக்கிழமை காலைல ஆறு மணி ஷிஃப்டுக்கு டேக் வரணும். வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை 11:20. இரண்டாம் மாடி வார்டு. பெயின்ட் அடிப்பதற்காக அதைக் காலி செய்திருந்தார்கள். பன்னிரண்டு கட்டில்கள். மெத்தைகளின்மேல் பிளாஸ்டிக் ஷீட் போட்டு நான்கு மூலையும் கட்டியிருந்தது. வார்டின் கடைசியில், பன்னிரண்டாம் கட்டிலை ஒட்டி நர்ஸ்கள் உட்காரும் மேஜை. அதன்மேல் டேக் பிரிண்டர், ஸ்கேனர் ஒன்று, கம்ப்யூட்டர் ஒன்று. அந்த மாடியில் வேறு ஸ்கேனர் கிடையாது.

தலைமை நர்ஸ் வந்து கதவைத் திறந்துவிட்டார். ஐம்பது வயதுக்காரர். சிரிக்கிற பழக்கம் இல்லாதவர்.

"டெஸ்ட் பண்ண 99-ல ஆரம்பிக்கிற நம்பர்தான் போடணும். வேற எதுவும் போடாதம்மா."

"சரிங்க சிஸ்டர்."

"இஷ்டத்துக்கு எதையாவது அடிச்சு வைக்காத. ஒவ்வொரு நம்பரும் ஒரு ஆளு."

அவர் வீட்டுக்குப் போய்விட்டார். அக்கா தனியாக உட்கார்ந்தாள்.

11:50-க்கு முதல் டேக். கோடுகள் வரவில்லை. வெறும் எண் மட்டும், முன்னும் பின்னும் நட்சத்திரக் குறியோடு வந்தது. கம்ப்யூட்டருக்குப் பார்கோடும் ஒரு ஃபாண்ட்தான். 4 என்று அடித்தால் 4 தெரியாது, நாலைந்து கோடு தெரியும். அந்த ஃபாண்ட் சர்வரில் இருக்க வேண்டும். டேக்கின் அச்சு மாதிரியான டெம்ப்ளேட்டிலும் செட்டிங் கோப்பிலும் அதன் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். அக்காவின் லேப்டாப்பில் கோடுகள் அழகாகத் தெரிந்தன. சர்வரில் ஃபாண்டே இல்லை. முன்னால் வந்த இரண்டு புத்திசாலிகளும் அங்கேதான் கோட்டை விட்டிருந்தார்கள்.

ஃபாண்டை சர்வரில் போட்டாள். பெயரைச் செட்டிங்கில் எழுதினாள். சர்வரை நிறுத்தித் திரும்ப ஓட விட்டாள். ஒன்பது நிமிஷம் பிடித்தது. காத்திருந்த நேரத்தில் மாதிரிக் கோப்பை நிரப்பினாள். அம்மா எண் என்ற இடத்தில் விரல் போன போக்கில் ஏழு இலக்கம் அடித்தாள்.

4071836.

இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் செய்கிற காரியம்தான். அவசரத்தில் யாருக்கு 99 ஞாபகம் இருக்கும்? குழந்தைகள் எண்ணிக்கை என்ற இடத்தில் 0 போட்டாள். அது அவளுக்கு நன்றாக நினைவிருக்கிறது.

12:55. பிரிண்டர் 'க்ர்ர்ர்' என்றது. அம்மாவின் டேக் வந்தது. கறுப்பாக, கூர்மையாகக் கோடுகள். ஸ்கேன் செய்தாள். திரையில் 4071836. அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து தனியாகக் கை தட்டினாளாம். உடனே எனக்குப் போன் செய்தாள்.

"வந்துடுச்சுடா! கோடு வந்துடுச்சு!"

"ஏதோ புள்ள பொறந்த மாதிரி கத்தற?"

"போடா..."

பின்னால் 'க்ர்ர்ர்' என்று மறுபடி சத்தம் கேட்டது.

"என்னக்கா அது?"

"தெரியல. இன்னொன்னு வருது. இரு, அப்புறம் பேசறேன்."

வந்தது சின்ன டேக். குழந்தைக்கு உரியது. அதில் கோடுகள் இல்லை. 4071836-1 என்று வெறும் எண், இரு பக்கமும் நட்சத்திரம். அக்கா மாதிரிக் கோப்பைத் திறந்து பார்த்தாள். குழந்தைகள்: 1. கை தவறி அடித்திருப்போம் என்று நினைத்தாள். டெம்ப்ளேட் ஒன்று, ஃபாண்ட் ஒன்று, அம்மாவுக்குக் கோடு வருகிறது, குழந்தைக்கு வரவில்லை. திங்கட்கிழமை காட்ட வேண்டிய டெஸ்ட் பட்டியலில் அம்மாக்கள் மட்டும்தான் இருந்தார்கள். பசி வேறு. சாப்பிட்டுவிட்டுப் பார்க்கலாம் என்று இரண்டு டேக்கையும் மேஜைமேல் வைத்துவிட்டு, வார்டைப் பூட்டிக்கொண்டு கீழே போனாள். மணி 1:15.

1:40-க்குத் திரும்பி வந்து பூட்டைத் திறந்தாள். மேஜைமேல் சின்ன டேக் மட்டும் இருந்தது.

அம்மாவின் டேக் இல்லை.

மேஜைக்கு அடியில் பார்த்தாள். குப்பைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். ஃபேன் காற்றில் பறந்திருக்கும் என்று நினைத்தாள். ஃபேன் ஓடவில்லை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தாள்.

1:52.

பிப்-பிப்-பிப்.

சத்தம் வார்டின் அந்தக் கோடியிலிருந்து வந்தது. ஸ்கேனர் மேஜைமேல் ஸ்டாண்டில் இருந்தது. அக்கா திரையைப் பார்த்தாள். ஒரு புது வரி விழுந்திருந்தது.

1:52. கட்டில் 1. அம்மா 4071836. பொருந்தவில்லை.

சிஸ்டம் உளறுகிறது என்று நினைத்தாள். இந்த வேலையில் இருக்கிற யாருக்கும் அதுதானே முதலில் தோன்றும்? பழைய வரி தாமதமாக வந்திருக்கலாம். ஆனால் அவள் அன்று எந்தக் கட்டிலையும் ஸ்கேன் செய்யவில்லை.

1:56. கட்டில் 2. பிப்-பிப்-பிப்.

2:00. கட்டில் 3.

2:04. கட்டில் 4. அப்போதுதான் எனக்கு மறுபடி போன் செய்தாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. அவசரப்பட்டு எதையும் சொல்லவில்லை.

"வார்டுல யாரோ ஸ்கேன் பண்றாங்கடா."

"யாரு?"

"அதான் தெரியல. பூட்டிட்டுத்தான் போனேன்."

"பெயின்ட்காரன் எவனாவது இருப்பான். சத்தம் போட்டுக் கூப்பிடு."

"கூப்பிட்டேன்."

என் கடிகாரத்தில் 2:08. போனில் தெளிவாகக் கேட்டது. பிப்-பிப்-பிப். அவள் குரலை விடத் தள்ளி, எங்கோ உள்ளேயிருந்து. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பயத்தை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

"போய்ப் பாத்துட்டு வரேன்" என்று வைத்துவிட்டாள். நான் திரும்பத் திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை.

அவள் மேஜையைச் சுற்றி வந்து கட்டில்களுக்கு நடுவே நடந்தாள். ஜன்னல் வழியாக வெயில் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பன்னிரண்டு, பதினொன்று, பத்து... பிளாஸ்டிக் ஷீட்கள் கட்டியது கட்டியபடி இருந்தன. ஆறாம் கட்டில்வரை அப்படித்தான். அதற்கு அப்பால் ஒன்று முதல் ஐந்து வரைக்கும் முடிச்சு அவிழ்ந்து, ஷீட் கால்மாட்டுக்கு மடித்து விடப்பட்டிருந்தது. நர்ஸ்கள் போர்வையை விலக்குகிற மாதிரி, ஒழுங்காக.

ஆள் யாரும் இல்லை. ஒளிந்துகொள்ளவும் இடம் இல்லை.

2:12.

ஆறாம் கட்டிலின் ஷீட் சரசரத்தது. முடிச்சு தானாகத் தளர்ந்தது. அவள் ஒரு கை தூரத்தில் நின்றிருந்தாள். ஷீட் மெதுவாக விலகியது. கட்டில் கம்பியில் ஒட்டியிருந்த கோடுகளின்மேல் ஒரு சிவப்பு ஒளிக் கீற்று விழுந்தது.

ஸ்கேனரின் ஒளி.

ஸ்கேனர் இல்லை.

பிப்-பிப்-பிப்.

அக்கா ஓடினாள். கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். கதவு திறந்துதான் கிடந்தது. யாரும் அவளைத் தடுக்கவில்லை. படியில் இறங்கியிருக்கலாம். பையை எடுக்கும்போது கண் திரையில் பட்டுவிட்டது. அவள் அதுவரை கடைசிக் கட்டத்தை ஒழுங்காகப் படிக்கவில்லை.

பொருந்தவில்லை என்பதற்குப் பக்கத்தில் காரணம் எழுதியிருந்தது. ஆறு வரியிலும் அதே காரணம்.

குழந்தை டேக்: படிக்க முடியவில்லை.

தப்பான குழந்தை என்று இல்லை. படிக்க முடியவில்லை என்று இருந்தது. அக்கா நின்றுவிட்டாள். அது அவள் போட்ட டேக். நாளைக்குக் காலையில் இந்த ஆஸ்பத்திரியில் பிறக்கிற ஒவ்வொரு குழந்தைக்கும் இதே டேக்தான் வரும். 'எனக்கு வேலை போயிடும்னு கூட அப்ப தோணலடா' என்றாள் பிறகு. 'யாரோ ஒரு அம்மா ஒவ்வொரு கட்டிலாத் தேடறாங்க. நான் ஒழுங்கா அடிச்சுக் குடுக்கல. அது மட்டும்தான் தோணுச்சு.'

2:16. கட்டில் 7.

அவள் உட்கார்ந்தாள். டெம்ப்ளேட்டைத் திறந்தாள். அம்மா பகுதி, குழந்தை பகுதி. இரண்டிலும் ஃபாண்ட் பெயர் ஒன்றுபோலத்தான் இருந்தது.

2:20. கட்டில் 8. சரசரப்பு இப்போது நன்றாகக் கேட்டது.

ஒவ்வொரு எழுத்தாகக் கர்சரை நகர்த்திப் பார்த்தாள். 2:23-க்குக் கண்டுபிடித்தாள். குழந்தை பகுதியில் பெயருக்குப் பின்னால் ஒரே ஒரு இடைவெளி. கண்ணுக்குத் தெரியாது. அதை அழித்தாள்.

2:24. கட்டில் 9.

சர்வருக்கு ஏற்றி, நிறுத்தி, ஓட விட்டாள். ஒன்பது நிமிஷம். வேறு வழி இல்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. திரையின் கண்ணாடியில் பின்னால் இருந்த வார்டு தெரிந்தது. அதையும் பார்க்காமல் இருக்கக் கண்ணை மூடிக்கொண்டாள்.

2:28. பிப்-பிப்-பிப்.

2:32. பிப்-பிப்-பிப்.

2:34. சர்வர் வந்துவிட்டது.

2:36. கட்டில் 12. அவள் முதுகுக்குப் பின்னால்.

அதற்குப் பிறகு கட்டில் இல்லை. மேஜைதான்.

பழைய இரும்புக் கட்டிலின் வாசனை வந்தது. அதோடு மருந்து வாசனை. ஈரத் துணி வாசனை.

2:38. அச்சடி என்று அழுத்தினாள்.

எதுவும் வரவில்லை.

2:39.

க்ர்ர்ர்...

சின்ன டேக். கோடுகளோடு.

அதைக் கிழித்து மேஜை விளிம்பில் வைத்தாள். கையை எடுத்துக்கொண்டாள்.

"இந்தாங்கம்மா" என்றாள்.

சிவப்பு ஒளி விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

2:40.

பீ...ப்.

ஒரே நீளமாக.

அவள் கண்ணைத் திறந்தபோது மேஜைமேல் டேக் இல்லை. திரையில் 'பொருந்தியது' என்று ஒரு வரி. கட்டில் எண் காலியாக இருந்தது. வார்டில் சத்தமே இல்லை. அக்கா கொஞ்ச நேரம் அழுதாள். பயத்தாலா வேறு எதாலா என்று அவளுக்கே தெரியவில்லை. அப்புறம் முகம் கழுவிக்கொண்டு வந்து, 99-இல் தொடங்கும் எண்களைப் போட்டு, இருபது ஜோடி டேக் அடித்து, இருபதையும் ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத்தான் கிளம்பினாள். என் அக்காவை எனக்குத் தெரியும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை காலை 6:25-க்குப் பிறந்த குழந்தைக்கு முதல் டேக் போட்டார்கள். ஒரே நீள பீப். மேலதிகாரி கை குலுக்கினார். அக்காவின் வேலை நிலைத்தது.

பத்து மணிக்குத் தலைமை நர்ஸ் டெஸ்ட் விவரங்களைக் கேட்டார். அக்கா ஞாயிற்றுக்கிழமைத் தாளைக் கொடுத்தாள். அவர் ஒரு வரியில் விரலை வைத்தார். விரல் அங்கேயே நின்றது.

"இந்த நம்பர உனக்கு யார் குடுத்தா?"

"யாரும் குடுக்கல சிஸ்டர். நானாத்தான் அடிச்சேன். தப்புதான்."

"நீயாவா?"

அவர் உட்கார்ந்துவிட்டார்.

"இது இங்க இருந்த ஒரு அம்மாவோட நம்பர். பன்னெண்டு வருஷம் ஆச்சு. அப்ப டேக்ல நாங்க கையாலதான் எழுதுவோம். அன்னிக்குக் குழந்தைங்க ரூம்ல குழாய் வெடிச்சுத் தண்ணி வந்துடுச்சு. பன்னெண்டு குழந்தைங்களையும் தூக்கிட்டுக் கீழ ஓடினோம். அந்தம்மாவோட குழந்தை டேக்ல மட்டும் மை கரைஞ்சு போச்சு. நான் எழுதின டேக். சாதா பேனால எழுதிட்டேன்."

"அப்புறம்?"

"அவசரத்துல எல்லாக் குழந்தையையும் மாத்தி மாத்திப் படுக்க வச்சிருந்தோம். ஒண்ணொண்ணாப் பாத்துச் சரிபண்ண நேரம் ஆயிடுச்சு. அந்தம்மாவுக்கு ரத்தப்போக்கு நிக்கல. எங்க எம்புள்ள, எங்க எம்புள்ளன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க. உறுதியாத் தெரியாம எப்படிக் காட்டறதுன்னு நான் காட்டல. மத்தியானம் ரெண்டு நாப்பதுக்குப் போயிட்டாங்க."

"குழந்தை?"

"மறுநாள் அதுவும் போயிடுச்சு. பதிவேட்டுல அதுக்கு நம்பர் போட எனக்குக் கை வரல. 'எண் இல்லை'ன்னு எழுதினேன். இந்த பார்கோடு வேணும்னு பன்னெண்டு வருஷமா நான்தான் கேட்டுட்டு இருந்தேன்."

இரண்டு பேரும் பழைய பதிவு அறைக்குப் போனார்கள். அங்கிருந்த எழுத்தர் ஏணி போட்டு ஏறி, மேல் தட்டிலிருந்து அந்த வருஷத்துப் பதிவேட்டுக் கட்டு ஒன்றை இறக்கினார். அதன் கயிறு முடிச்சோடு இறுகிக் கிடந்தது. தூசியில் அவர் ஐந்து முறை தும்மினார்.

"இத நான் வேலைக்குச் சேந்து ஒருதடவ கூட அவுத்ததில்ல" என்றார். அவிழ்க்க முடியாமல் கயிற்றைக் கத்தியால் அறுத்தார்.

தலைமை நர்ஸ் பக்கங்களைப் புரட்டினார். அவர் கையெழுத்திலேயே 'எண் இல்லை' என்று எழுதிய பக்கம் வந்தது. அந்த எழுத்தின்மேல் சின்ன டேக் ஒன்று இருந்தது. வெள்ளை வெளேர் என்று. தெளிவான கறுப்புக் கோடுகளோடு. அக்கா சர்வரில் போட்ட அதே ஃபாண்ட். மேலே அச்சான நேரம், 2:39.

அம்மாவின் டேக் அந்தக் கட்டுக்குள் இல்லை. இன்றுவரை எங்கேயும் கிடைக்கவில்லை.

எழுத்தர்தான் அந்தச் சின்ன டேக்கைக் கையில் எடுத்துப் பார்த்தார். அந்த டேக்கில் ஒரு பூட்டு உண்டு. கையில் சுற்றி ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். அப்புறம் கழற்ற முடியாது, கத்தரிக்கோலால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

அது பூட்டியிருந்தது. எழுத்தரின் பெருவிரல்கூட நுழையாத வட்டமாக, ஒரு சின்ன மணிக்கட்டின் அளவுக்குப் பூட்டியிருந்தது.

வெட்டிய அடையாளம் எங்கும் இல்லை.